நடுக்கண் விரிசல்

ஹிதாயா,
கூத்தாநல்லூரிலிருந்து நீ அழைத்தபோது
பாமணியாற்றுப் பாலத்தின் அடியில் இருந்தேன்.
“அக்கா, விளம்பரம் பார்த்தேன்,
கட்டமைப்புப் பொறியியல், முனைவர் பட்டத்துக்கு இரண்டு இடம்,
சேரலாமா?” என்றாய்.
அந்நேரம் பார்த்து மேலே ஒரு லாரி.
நீ கேட்டது பாதி, நான் சொன்னது பாதி.
மீதியை எழுதுகிறேன்.

உதவித்தொகை வரும்.
மாசாமாசம் வராது.
நாலு மாசத்துக்கு ஒருமுறை, மொத்தமாக,
விலாசம் மறந்துபோன உறவுக்காரர் மாதிரி வந்து நிற்கும்.
கைடு நல்லவர்.
“இது ஏன்?” என்பதைத் தவிர
வேறு திட்டு தெரியாதவர்.
விடுதிச் சாம்பாரைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன்.

நீ கேட்காத ஒன்று இருக்கிறது.
இது மூன்று கண் பாலம்.
நடுக்கண்ணின் தூணில் ஒரு விரிசல்,
தீக்குச்சி நுழையும் அகலம்.
குறுக்கே கண்ணாடிச் சில் ஒன்றை ஒட்டினேன்,
இருபுறமும் அளவிகள் ஒட்டினேன்,
பதிவுக் கருவியை மழைக்குப் பயந்து
மூடிபோட்ட பிளாஸ்டிக் குடத்தில் வைத்தேன்.
ஆடு மேய்க்க வருகிறவர்கள்
அதில் மோர் இருக்கிறதா என்று கேட்டார்கள்.

கொள்முதல் நிலையத்து நெல் லாரிகள்தான் காரணம்
என்பது என் கருதுகோள்.
பதினாறு டன் ஏறினால் எத்தனை மைக்ரான் திறக்கும்
என்று விடிய விடியக் குறித்தேன்.
அறுவடை இயந்திரம் ஓட்டிவரும் ஆத்தூர்க்காரர் சின்னப்பையன்
என் டார்ச்சைக் கண்டதும் பாலத்துக்கு முன்னால் நிறுத்துவார்.
“மெதுவாப் போகவா, வேகமாவா?”
வேகமாக, என்பேன்.
அப்போது என் குரலில் இருந்த ஆசை
எனக்கே பிடிக்காது.

விரிசல் வளர்ந்தால் எனக்கு ஓர் அத்தியாயம், ஹிதாயா.
அதே பாலத்தில்தான் காலை எட்டரைக்கு
அங்கன்வாடிக்கு முட்டை அடுக்கிய சைக்கிள் ஒன்று
காலூன்றிக் காலூன்றிப் போகும்.
என் பதிவேட்டில் அதற்குப் பெயர்
புறக்கணிக்கத்தக்க சுமை.

மூன்றாம் ஆண்டு கோடை.
ஆறு வெறும் களியாய்க் காய்ந்து
பாளம் பாளமாய் வெடித்தது.
விரிசல் தினமும் அகன்றது.
லாரி ஓடாத ஞாயிறுகளிலும் அகன்றது.
கருவிப் பிழை என்று
பதினொரு ஞாயிறுகளை நீக்கினேன்.

பிறகு மேட்டூர் திறந்தார்கள்.
கல்லணை தாண்டி, வெண்ணாற்றில் இறங்கி,
நீடாமங்கலத்துக்கு மேலே பிரிந்து
இங்கு வந்துசேரப் பல நாள்.
முதலில் நுரை, அப்புறம் ஒற்றைச் செருப்பு,
அப்புறம்தான் ஆறு.
களி குடித்தது.
குடித்துக் குடித்து உப்பியது.
ஐந்தாம் நாள் விடியலில்
என் எண்கள் பின்னோக்கி நடந்தன.
மேலே உர மூட்டை லாரிகள் வரிசையாகப் போக
கீழே விரிசல் மூடிக்கொண்டிருந்தது.

மூன்று வருடமாய் அண்ணாந்து எழுதியிருக்கிறேன்.
என் காலுக்கு அடியில்
விடை தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தது.

கைடிடம் காட்டினேன்.
வெகுநேரம் பார்த்துவிட்டு “இது ஏன்?” என்றார்.
இம்முறை அது திட்டு இல்லை,
அவருக்கும் தெரியவில்லை.
மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில் கொஞ்சம் அழுதேன்.
இரண்டு புரோட்டா சாப்பிட்டேன்.
அறைக்கு வந்து, நீக்கிய ஞாயிறுகளை
ஒவ்வொன்றாய்க் கோப்புக்குள் திரும்ப அழைத்தேன்.

அந்த இரண்டு இடங்களில் ஒன்று இந்தக் களிமண்ணுக்கு.
இன்னும் ஒரு கோடை வேண்டும்,
இன்னும் ஒரு திறப்பு,
துளையிட்டு மண்ணெடுக்க ஓர் ஆள்.
எனக்கு நாள் முடிகிறது.
கடைசித் தேதி வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து.
சான்றிதழ் நகல்களில் மேலொப்பம் வாங்கிவிடு.

வருவதானால் ரப்பர் செருப்பு எடுத்து வா.
எட்டாவது கண்ணாடிச் சில் ஒட்டியிருக்கிறேன்,
நேற்றுவரை முழுசாக இருந்தது.
சின்னப்பையன் உன்னிடமும் கேட்பார்,
மெதுவாவா, வேகமாவா என்று.
நான் இதுவரை ஒருமுறைகூட
மெதுவாக என்று சொன்னதில்லை.